எழிலின் அம்மா சாகணும்

தன் வேலையை எடுத்துக்கொள்ள வருகிறவளுக்காகச் சோபனா கோழிக்குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள்.

அரூர் கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கும் அவள் கணவர் நவநீதன், காலை எட்டு மணிக்கே பாய் கடைக்கு நேரில் போய் வாங்கி வந்த கறி. வருகிற பெண் தயங்காமல் சாப்பிட வேண்டுமாம். மனைவி பதினொரு வருடமாக எழுதி வரைந்த படக்கதையை வேறு கைக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டபோது அவளிடம் ஒரு வார்த்தை கேட்காத மனுஷர், விருந்தாளி விஷயத்தில் அவ்வளவு பதனமாக இருந்தார்.

கடிதம் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ‘கோலிகுண்டு’ மாத இதழில் வரும் ‘எதிரொலி எழில்’ இனி ஒரு புதிய குழுவின் பொறுப்பில் வெளிவரும் என்று நாலே வரி. முதல் மூன்று நாள், அந்தக் குழு யாரென்று தெரியாமல் சோபனா அழுதாள். நான்காம் நாள் தெரிந்தது. ஓவியம், தர்மபுரியைச் சேர்ந்த ஹுமேரா. கதை, மணிமேகலை. அவள் பெற்ற மகள்.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை.

எழில் பதினைந்து வயதுப் பெண். ஒருமுறை காதில் விழுந்த சத்தத்தைத் தொண்டைக்குள் வைத்துக்கொள்வாள். வேண்டும்போது நூறு மடங்காக வெளியே விடுவாள். ஒகேனக்கல் அருவியின் இரைச்சலை விட்டு மணல் லாரிகளைக் கவிழ்த்திருக்கிறாள். கல்குவாரி வெடிச்சத்தத்தை விட்டுப் பூட்டிய கிடங்குகளைப் பிளந்திருக்கிறாள். எத்தனை பேரைக் காப்பாற்றினாலும் கடைசிப் பக்கத்தில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவாள். அம்மா திறப்பாள். “சாப்பிட்டியா?” என்பாள். நூற்று முப்பது கதைகளும் அந்தக் கதவில்தான் முடிந்தன.

தொடங்கிய காலத்தில் சோபனா அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. வெளிவேலை செய்வது தெரிந்தால் வம்பு வரும் என்று ‘சோபா’ என்ற பெயரில் வரைந்தாள். ஒப்பந்தத்தில் நவநீதன் பெயர் இருந்தது. அன்றைக்கு அது வெறும் காகிதம். இந்த வாரம் அந்தக் காகிதம்தான் பேசியது. வாசகர்கள் குறைந்துவிட்டார்கள், கைமாறாவிட்டால் தொடரையே நிறுத்திவிடுவோம் என்று புது ஆசிரியர் போனில் சொல்ல, நவநீதன் ஒப்புக்கொண்டிருந்தார். சோபனா கேட்டபோது, எங்கே போய்விட்டது, நம்ம வூட்டுக்குள்ளேயேதானே இருக்கிறது என்றார். நகையைப் பெட்டி மாற்றி வைத்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

பதினொரு மணி பஸ்ஸில் ஹுமேரா வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். தோளில் ஒரு பை, பைக்குள் வரைவதற்கான டேப்லெட். மணிமேகலை பஸ் ஸ்டாண்டுக்கே போய்க் கூட்டி வந்தாள். மேகலைக்கு இப்போது பத்தொன்பது. கல்லூரி விடுதியிலிருந்து வந்த நாளாக அம்மாவிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. ஹுமேராவோடு மட்டும் வாசல் வரை சிரித்துக்கொண்டே வந்தாள். உள்ளே நுழைந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

வேலை உடனே தொடங்கியது. கதாபாத்திரங்களின் முகங்களைப் பழைய ஓவியரிடம் நேரில் கேட்டு வர வேண்டும் என்பது அலுவலக உத்தரவு. சோபனா பீரோவிலிருந்து தன் நோட்டுகளை எடுத்து வந்து கூடத்து மேசையில் வைத்தாள். தூசி தட்டவில்லை. வேண்டுமென்றேதான்.

ஹுமேரா ஒவ்வொரு நோட்டையும் இரண்டு கையாலும் வாங்கினாள். பத்தாம் வகுப்பிலிருந்து எழிலைப் படிப்பதாகவும், தட்டில் சோறு காய்வது தெரியாமல் படித்து அம்மாவிடம் அடி வாங்கியதாகவும் சொன்னாள். கண்ணில் உண்மையான மரியாதை இருந்தது. அதைத்தான் சோபனாவால் பொறுக்க முடியவில்லை. திமிராக வந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

எழிலின் முகத்துக்கு அளவு கேட்டாள் ஹுமேரா. கண் எங்கே தொடங்குகிறது என்று. சோபனா கொஞ்சமும் தயங்காமல் தப்பாகச் சொன்னாள். நெற்றியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கி வைக்கச் சொன்னாள். அப்படிப் போட்டால் எழில் கிழவி மாதிரி தெரிவாள் என்று அவளுக்குத் தெரியும்.

ஹுமேரா போட்டுப் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள்.

“அது மொத மூணு வருஷந்தான்க்கா. நாலாவது வருஷத்துலருந்து நீங்க கண்ணைப் பாதிக்கு எறக்கிட்டீங்க. அப்பத்தான் எழில் எழிலாவே ஆனா” என்றாள், குற்றம் சாட்டாமல். பிறகு சரியான இடத்தில் கண்ணை வைத்தாள்.

நாலு நிமிடம் ஆகியிருக்காது. திரையில் எழில் திரும்பிப் பார்த்தாள். சோபனா பதினொரு வருடமாகப் பிடிக்க முயன்று பிடிபடாத ஒன்று அந்தக் கழுத்தில் இருந்தது. ஓடி வந்து நின்றவளின் மூச்சு.

சோபனா எழுந்து அடுப்படிக்குப் போய், இறக்கி வைத்த குழம்பை ஒருமுறை கிளறிவிட்டு வந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில்தான் சோபனா கேட்டாள். எழிலின் முகம் ஆயிற்று, தோழியின் முகம் ஆயிற்று, வில்லன்கள் ஆயிற்று. எழிலின் அம்மாவின் நோட்டை யாரும் தொடவே இல்லையே என்றாள்.

ஹுமேராவின் கை தட்டில் நின்றது. அவள் மேகலையைப் பார்த்தாள். நவநீதன் அவசரமாக இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். தட்டில் குழம்பு நிறையவே இருந்தது.

“எழிலோட அம்மா சாகணும்மா. மொத இதழ்லயே” என்றாள் மேகலை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

சோபனா கணவனைப் பார்த்தாள். அவர் முகத்தில் வியப்பு இல்லை. ஏற்கெனவே படித்திருந்தார். கதைதானே என்றார் மெதுவாக. பக்கங்களைக் காட்டச் சொன்னாள் சோபனா. சாப்பிட்டு முடித்துப் பார்க்கலாம் என்று ஹுமேரா மழுப்பினாள். சோபனா கையை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் டேப்லெட் கைக்கு வந்தது.

ஆறு கட்டங்கள். சண்டை இல்லை, வில்லன் இல்லை. எழில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறாள். திறக்கவில்லை. மறுபடியும் தட்டுகிறாள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. பால் பொங்கித் தரையில் ஓடுகிறது. அதன் நடுவே ஒருத்தி விழுந்து கிடக்கிறாள். பச்சைப் பூப்போட்ட நைட்டி, தோளில் ஈரத் துண்டு.

விருந்தாளி வருகிறாள் என்று காலை பத்தரைக்குப் புடவை மாற்றும்வரை சோபனா உடுத்தியிருந்த நைட்டி அது.

“ஹுமேரா எங்கிட்ட உன் போட்டோ கேட்டா, குடுத்தேன்” என்றாள் மேகலை.

ஏன் என்று கேட்டாள் சோபனா. அந்த அம்மா என்ன பாவம் செய்தாள், பிள்ளை எத்தனை மணிக்கு வந்தாலும் கதவைத் திறந்துவிடுகிறவள்தானே என்று கேட்டாள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகச் சொன்னாள்.

மேகலை கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

ஏழாம் வகுப்பில் ஒரு வெள்ளிக்கிழமை. விளையாட்டுப் பீரியடில் அவள் வெள்ளைச் சீருடையில் கறை பட்டுவிட்டது. பார்த்தது இரண்டு பேர். ஒரு டீச்சர், ஒரு தோழி. தோழி தன் துப்பட்டாவை இடுப்பில் கட்டிவிட்டு வீடுவரை வந்தாள். அன்று மாலை அம்மாவின் மடியில் முகத்தை வைத்து மேகலை எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா தலையைக் கோதிவிட்டாள். மூன்றாம் மாதம், சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே எழிலின் வெள்ளைச் சட்டையில் கறை பட்ட கதை ‘கோலிகுண்டு’வில் எட்டுப் பக்கம் வந்தது. துப்பட்டாவும் இருந்தது. துப்பட்டாவின் நிறம்கூட அதேதான். பள்ளி நூலகத்துக்கு அந்த இதழ் ஐந்து பிரதி வரும்.

“ரெண்டு பேருக்குத் தெரிஞ்சது ஸ்கூலுக்கே தெரிஞ்சுதும்மா. பதினோரு நாள் நான் ஸ்கூலுக்குப் போவல. ஞாபகம் இருக்கா?”

சோபனாவுக்கு நினைவிருந்தது. அடுத்த கதையும் நினைவிருந்தது. பள்ளிக்குப் போக மறுக்கும் எழில்.

“அதையும் வரைஞ்ச” என்றாள் மேகலை.

ஹுமேரா எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் விரலில் காய்ந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோபனா அந்த இடத்தில் மகளின் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“அந்த இதழுக்கு எத்தனை கடுதாசி வந்துச்சு தெரியுமா? எத்தனை பொண்ணுங்க அதைப் படிச்சுட்டுத் தைரியமா ஸ்கூலுக்குப் போச்சுங்கன்னு தெரியுமா?”

“தெரியும். நான் மட்டுந்தான் போவல.”

நவநீதன், போதும், பாயசம் கொண்டுவா என்றார். சோபனா கொண்டுவந்தாள். எல்லோருக்கும் ஊற்றினாள். மகளுக்கு முந்திரி கூடுதலாக விழுந்தது, பழக்கத்தில்.

இரண்டேகால் மணிக்குத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுக்கு இன்னும் ஒரு கதை பாக்கி இருந்தது. அவள் பெயரில் வரும் கடைசி இதழ். மாலை ஐந்தரைக்குள் எட்டுப் பக்கமும் மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். எல்லாம் நேற்றே தயார். கடைசிப் பக்கத்தில் வழக்கம்போல எழில் கதவைத் தட்டுகிறாள், அம்மா திறக்கிறாள். கீழே ‘அன்புடன் சோபா’ என்று எழுதி, வாசகர்களுக்கு நன்றி சொல்லியிருந்தாள்.

ஏழாவது பக்கத்தையும் எட்டாவது பக்கத்தையும் எடுத்து நாலாகக் கிழித்தாள். புதுத் தாளை ஒட்டினாள்.

எதை வரையப் போகிறோம் என்று அவள் யோசிக்கவே இல்லை. சாப்பிடும்போதே அது முழுசாக வந்து நின்றுவிட்டது. எழில் கதவைத் தட்டுகிறாள். அம்மா திறக்கிறாள். சாப்பிட்டியா என்கிறாள். எழில் வாயைத் திறக்கிறாள். பதினொரு வருடமாக எதிரிகளுக்கென்று வைத்திருந்த குவாரி வெடிச்சத்தத்தைத் தன் தாயின் முகத்துக்கு நேராக விடுகிறாள். கதவு, சுவர், அடுப்படி, எல்லாம் தூளாகிறது. தூசி அடங்குகிறது. தூசிக்குள் ஒரு கை மட்டும், இன்னும் தாழ்ப்பாளைப் பிடித்தபடி.

எழிலின் அம்மாவைக் கொல்ல வேண்டும் என்கிறார்கள். கொல்லட்டும். ஆனால் பால் பொங்கி, வழுக்கி விழுந்து, அநாதையாக அவள் சாகப் போவதில்லை. யார் கொன்றது என்று தமிழ்நாட்டுக் குழந்தைகள் அத்தனையும் பார்க்கட்டும். அதற்குப் பிறகு அந்த எழிலை வைத்துக்கொண்டு புதிய குழு என்ன கதை எழுதுகிறது என்று பார்க்கலாம்.

கடைசிக் கட்டத்தைப் பக்கம் முழுவதற்கும் எடுத்துக்கொண்டாள். எழிலின் முகம். எழிலுக்கு எந்தப் பெண்ணின் முகமும் இருந்ததில்லை. பொதுவான ஒரு முகம், படிக்கிற எல்லாப் பெண்ணும் தன்னைப் பார்த்துக்கொள்ளும்படி. இன்று முதல்முறையாக அந்த முகத்தில் மேகலையை வரைந்தாள். அடர்ந்து கூடும் புருவம். மேலுதட்டு மச்சம். தாடையில் வெட்டுக்காயத் தழும்பு. அரூரில் பார்க்கிறவர்கள் ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியதில்லை. கூடத்திலிருந்து மகளும் ஹுமேராவும் அடுத்த இதழைப் பற்றிப் பேசிக்கொள்வது கேட்டது. அந்தக் குரலைக் கேட்டபடியே தழும்புக்கு மை போட்டாள்.

பல வருடமாக அவள் இவ்வளவு நன்றாக வரைந்ததில்லை. அதில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாலே முக்காலுக்குப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் ஆசிரியரே கூப்பிட்டார். ஆறு மாதமாக அவளுடைய அழைப்பை எடுக்காதவர். இப்படியொரு முடிவை யாரும் எதிர்பார்க்க முடியாது, கடைசி முகத்தை அட்டையிலேயே போடப் போகிறோம், ஆறு மணிக்கு அச்சுக்குப் போகிறது என்றார். இத்தனை நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்றும் கேட்டுச் சிரித்தார். சோபனா நன்றி என்றாள். அலுவலகத்துக்கு எது போனாலும் புதிய குழுவுக்கும் ஒரு பிரதி போய்விடும் என்பதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுக்கு அது தெரியும்.

கூடத்தில் பேச்சு நின்றது.

கதவைத் தள்ளிக்கொண்டு மேகலை உள்ளே வந்தாள். கையில் ஹுமேராவின் டேப்லெட். திரையில் அவள் முகம்.

சோபனா தயாராக இருந்தாள். அழுகைக்கும் தயார், கத்தலுக்கும் தயார். பதிலெல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

மேகலை டேப்லெட்டை மேசையில் வைத்தாள்.

“தழும்பு எடது பக்கம்மா. நீ வலது பக்கம் போட்டிருக்க.”

சோபனா நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். இடது பக்கம்தான். காது மடலுக்குக் கீழே தொடங்கித் தாடை விளிம்பில் முடிந்தது. நாலாம் வகுப்பில் பள்ளிப் படிக்கட்டில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் நவநீதன். தையல் போட்டது, தையல் பிரித்தது, இரண்டுக்கும் அவர்தான் போனார். சோபனாவுக்கு அன்று பக்கங்கள் அனுப்ப வேண்டிய நாள்.

அவள் கை தானாகப் பேனாவைத் தேடியது. ஒரு நிமிடம் போதும், திருத்தி அனுப்பிவிடுகிறேன், இன்னும் அச்சுக்குப் போயிருக்காது என்றாள். சொன்ன பிறகுதான் எதற்கு என்ன சொல்கிறோம் என்று உறைத்தது.

“வேணாம். அப்படியே போவட்டும்” என்றாள் மேகலை. “ஊர்ல எல்லாரும் நான்தான்னு கண்டுபுடிச்சுருவாங்க. உனக்கு மட்டும் என்னைத் தெரியலன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

சோபனா பேனாவைத் தேடிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மேகலை போகவில்லை. சுவரோடு அடுக்கியிருந்த பழைய இதழ்களின் முதுகை ஒரு விரலால் தடவிக்கொண்டே நின்றாள். பேசும்போது குரல் இதமாகத்தான் இருந்தது.

“நீ பதினோரு வருஷம் என்னைப் பத்தி எழுதுன. நான் உன்னைப் பத்தி இன்னும் ஒரு வரி எழுதல. பால் பொங்கின சீன் இப்ப தேவையில்ல, நீயே கொன்னுட்ட. இனிமே எழில், செத்துப்போன அம்மா யாருன்னு தேடிட்டுப் போறா. வூட்டுல பொய் சொல்லிட்டு எங்க போனாங்க, யாரோட இருந்தாங்கன்னு.” இதழ்களிலிருந்து விரலை எடுத்தாள். “காரிமங்கலத்துலருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.”

எழப்போன சோபனா அப்படியே உட்கார்ந்தாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் மூன்று நாள், சென்னையில் ‘கோலிகுண்டு’ அலுவலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் வீட்டைவிட்டுப் போனாள். சென்னைக்குப் போகவில்லை. காரிமங்கலத்தைத் தாண்டவில்லை. அந்த மூன்று நாளை அவள் எந்தக் கதையிலும், எந்த நோட்டிலும், ஒரு கோடாகக்கூட வரைந்ததில்லை. அப்போது மேகலைக்குப் பதினொரு வயது. அவளுக்கு எப்படித் தெரியும்?

“காரிமங்கலத்துல நமக்கு யாரு இருக்காங்க?”

குரல் வாசற்படியிலிருந்து வந்தது. நவநீதன் இரண்டு கையிலும் காபி டம்ளரோடு நின்றிருந்தார். ஹுமேராவுக்கு ஐந்தரை பஸ், அதற்குள் காபி கொடுத்துவிடலாம் என்று அவரே போட்டு எடுத்து வந்திருந்தார். முகத்தில் இன்னும் சாதாரணக் கேள்விதான் இருந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகு அது சாதாரணமாக இல்லை.

மேகலை டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி வெளியே போனாள். போகும்போது அவர் கையிலிருந்து ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“அம்மாவக் கேளுங்கப்பா.”

கூடத்தில் ஹுமேரா விடைபெறும் சத்தம் கேட்டது. செருப்பு மாட்டும் சத்தம். கேட் திறந்து மூடியது.

பதினொரு வருடத்தில் நவநீதன் அந்த அறைக்குள் உட்கார்ந்ததில்லை. இன்று மற்ற டம்ளரை மேசைமேல் வைத்தார். கிழித்துப் போட்ட தாள்களைக் காலால் ஒதுக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு, மனைவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.